ஸ்வீடன்காரர் கொட்டிய கெட்டிமேளம்

மேடையில் பாடாமல் நிற்கிறவனை நம்முடைய சனம் லேசில் கலைஞன் என்று ஒப்புக்கொள்ளாது. மைக் திருத்த வந்தவன் என்றுதான் நினைக்கும். அவன் கையில் கிட்டார் இருக்கலாம், அதை உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருக்கலாம். சனம் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கதிரைக்காரரிடம் மெதுவாகக் கேட்கும்: "பாட்டுக்காரர் எப்ப வருவினமாம்?"

லண்டன் நோர்பரியில் வளர்ந்த எனக்கு இந்த உண்மை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். எத்தனை கல்யாண வீடு, எத்தனை பிறந்தநாள் விழா பார்த்தவன்! தெரிந்தும், வாயே திறக்காத நாலு ஸ்வீடன்காரரை என் தங்கை தர்சினியின் கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். விதி என்று சொல்லலாம். வீட்டில் வேறு சொல் சொல்கிறார்கள், அதை இங்கே எழுத முடியாது.

அப்போது நான் கவுன்சிலில் பார்க்கிங் அபராதப் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தேன். (இப்போதும் அங்கேதான். தயவுசெய்து டிக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஒருவரும் வரவேண்டாம்.) கூட வேலை செய்தவன் ஒருவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, நண்பர்கள் எல்லோரும் சேர்ந்து ஸ்டாக்ஹோமுக்குப் போனோம். அங்கிருந்து பின்லாந்துக்குப் பெரிய கப்பல் ஓடும். போகும்போது மற்றவர்கள் குடித்தார்கள். பகலில் திரும்பி வரும்போது அவர்கள் எல்லோரும் படுத்துவிட்டார்கள். நான் ஒரு தட்டு உருளைக்கிழங்கோடு தனியே கப்பலின் பார் பக்கம் போனேன்.

அங்கே ஒரு மூலையில் நாலு பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேரும் தெருத் திருத்துகிறவர்கள் போடுகிற ஆரஞ்சு நிற உடுப்பு. முன்னால் நெடுநெடுவென்று நின்று கிட்டார் வாசித்தவன் பெயர் நில்ஸ் என்று பிறகு தெரிந்தது. டிரம்ஸில் லீனா என்ற பெண். மற்ற இருவரும் அண்ணன் தம்பி. ஒருவன் பேஸ் கிட்டார், ஒருவன் சாதாரணக் கிட்டார். இருவரும் ஒரு சொல் பேசி நான் இன்றுவரை கேட்டதில்லை. அவர்களுடைய இசையைக் கேட்பார் ஒருவரும் இல்லை. பக்கத்தில் சூதாட்ட மெஷின்கள் கிலுங்கிக்கொண்டிருந்தன, ஒரு குழந்தை ஐஸ்கிரீமுக்கு அழுதது, ஒரு தாத்தா மேடையைப் பார்த்து என்னமோ கத்தினார்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. சின்ன வயதில் அம்மா வயலின் வகுப்புக்கு அனுப்பினார். வயலின் ரீச்சர் திருப்பி அனுப்பினார். ஆனால் அன்றைக்கு நில்ஸின் கிட்டார் மெதுவாக எழும்பி அந்தச் சத்தங்களுக்கெல்லாம் மேலே போய் நின்றபோது, என் கையிலிருந்த முட்கரண்டி பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டது. பாட்டில் சொல் இருந்தால் அது யாரோ ஒருவனுடைய காதல், யாரோ ஒருவனுடைய கண்ணீர். நாம் கொஞ்ச நேரம் இரவல் வாங்கிக்கொள்கிறோம். இங்கே சொல்லே இல்லை. நான் ஒருவருக்கும் சொல்லாத விஷயமெல்லாம் அந்தக் கம்பிகளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. எனக்குக் கண் கலங்கியது. ஜன்னலுக்கு வெளியே கடலும் சின்னச் சின்னத் தீவுகளும் போய்க்கொண்டிருந்தன, அவையும் அந்த இசைக்காகவே நகர்கிற மாதிரி இருந்தது. இப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதை ஒருவரும் இவ்வளவு காலம் எனக்குச் சொல்லவில்லையே என்று கோபம்கூட வந்தது.

இடைவேளையில் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். நில்ஸ் பயந்துவிட்டான். அவர்களிடம் இப்படி வந்து கையைப் பிடித்தவர்கள் அதுவரை இல்லையாம்.

அவர்களுடைய கதையை அன்றுதான் கேட்டேன். வடக்கே ஒரு சின்ன ஊர். நில்ஸுக்கு நகரசபையில் தெருப் பராமரிப்பு வேலை. பனி தள்ளும் வண்டி நிற்கிற கொட்டகையில்தான் பயிற்சி. பனி கொட்டினால் வண்டி வெளியே போகும், கொட்டகை காலியாகும், வாசிக்கலாம். கோடையில் வண்டி உள்ளே நிற்கும், இவர்கள் வெளியே நிற்பார்கள். ஐஸ் ஹாக்கி இடைவேளையில் வாசித்திருக்கிறார்கள், சனம் எழும்பிச் சாப்பிடப் போய்விட்டது. ஒரு கடைத் திறப்பு விழாவில் வாசித்திருக்கிறார்கள், கடைக்காரர் இசைக்கு மேலே கழிவு விலை அறிவித்துக்கொண்டிருந்தார். மேடைக்கு வேறு உடுப்பு வாங்க வசதியில்லாமல்தான் அந்த ஆரஞ்சு உடுப்பு. போன இடமெல்லாம் ஒரே கேள்வி: பாடகர் எங்கே?

"கடைசியாக லண்டனில் ஒருமுறை வாசித்துப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்" என்றான் நில்ஸ். "அங்கேயும் பாடகர் எங்கே என்று கேட்டால், என் சித்தி மகன் ஹூகோவைச் சேர்த்துக்கொள்வோம். அவன் ஏற்கெனவே தோல் காற்சட்டை வாங்கிவிட்டான்."

"ஹூகோ நன்றாகப் பாடுவானா?"

நில்ஸ் கடலைப் பார்த்தான். "சத்தமாகப் பாடுவான்" என்றான்.

அந்த இசைக்கு மேலே ஒருவன் தோல் காற்சட்டையோடு நின்று கத்துவதை நினைத்துப் பார்த்தேன். பகவானே! உடனே சொன்னேன்: "லண்டனுக்கு வாருங்கள். நான் ஒழுங்கு செய்கிறேன். எனக்கு அங்கே எல்லோரையும் தெரியும்."

எனக்கு லண்டனில் தெரிந்தவர்கள், பார்க்கிங் டிக்கெட் விஷயமாக என்னைத் திட்டியவர்கள்தான்.

லண்டன் திரும்பிப் பப் பப்பாக ஏறி இறங்கினேன். எல்லோரும் கேட்டதை நான் இங்கே எழுதத் தேவையில்லை. கடைசியில் ஒரு பப் இடம் கொடுத்தது. ஸ்வீடன்காரர் வேனில் ஏறிவிட்ட பிறகு அந்தப் பப்பின் கூரை ஒழுகி, நிகழ்ச்சி ரத்து என்று செய்தி வந்தது. அந்த வாரக் கடைசியில்தான் வெம்பிளிப் பக்கத்து மண்டபம் ஒன்றில் தர்சினியின் கல்யாணம். மாலை வரவேற்புக்கு ஒரு பாட்டுக்கோஷ்டி பிடிக்கும் பொறுப்பு என் தலையில் இருந்தது. கல்யாண வேலையில் எனக்கு இரண்டே பொறுப்பு: காலையில் மேளம், மாலையில் பாட்டுக்கோஷ்டி.

நான் வேனுக்குப் போன் எடுத்து, நிகழ்ச்சி இடம் மாறிவிட்டது என்றேன். பெரிய மண்டபம், இசை ரசிகர்கள் நிறைந்த சபை, எல்லோரும் குடும்பத்தோடு வருவார்கள். (ஒன்றும் பொய்யில்லை பாருங்கள்.)

அப்பாவிடமும் சொன்னேன்.

"நல்ல பாட்டுக்காரரோ?" என்று அப்பா கேட்டார்.

"ஸ்வீடனிலை கப்பலுக்குள்ளையெல்லாம் வாசிச்ச ஆக்கள் அப்பா."

"அப்ப சரி" என்றார். அப்பா நல்ல மனுஷன், குறுக்குக் கேள்வி கேட்கத் தெரியாது.

இனி நேரம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் சனத்துக்கு நேரம் சொல்வது தனிக் கணக்கு. பத்து மணிக்கு வரவேண்டிய ஆளிடம் எட்டு என்று சொல்ல வேண்டும். அவரும் எங்கள் சனம்தானே, எட்டு என்றால் பத்து என்று அவருக்கும் தெரியும். ஆகவே பதினொன்றுக்கு வருவார். இது ஒருவருக்கொருவர் பேசாமலே வைத்துக்கொண்ட ஒப்பந்தம், இதில் பொய்யும் இல்லை, கோபமும் இல்லை. மேளக்காரரிடம் எட்டு மணி என்றேன். சவுண்ட் பெட்டிகளை மணவறை அலங்காரத்துக்கு முன்பே வைக்க வேண்டும் என்பதால் ஸ்வீடன்காரரிடமும் எட்டு மணி என்றேன்.

ஸ்வீடன்காரர் எட்டுக்கு வந்தார்கள். மண்டபம் பூட்டியிருந்தது. நான் ஒன்பதேகாலுக்குப் போனபோது நாலு பேரும் மழையில் கார் நிறுத்துமிடத்தில், டிரம்ஸுக்குத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, தாங்கள் நனைந்துகொண்டு வரிசையாக நின்றார்கள். நில்ஸ் என்னைக் கண்டதும், "நாங்கள் நேரத்தைத் தவறாக விளங்கிக்கொண்டோமா?" என்று மன்னிப்புக் கேட்டான்.

மேளக்காரரோ எட்டைப் பத்தாக்கி, பத்தை மத்தியானமாக்கி, இடையில் மனோர் பார்க்கில் இன்னொரு கல்யாணத்தை ஒப்புக்கொண்டு அங்கே வாசித்துக்கொண்டிருந்தார்கள். அது எனக்கு அப்போது தெரியாது.

சனம் வரத் தொடங்கியது. மணவறைக்குப் பக்கத்தில் ஆரஞ்சு உடுப்போடு நின்ற நாலு பேரையும் பார்த்தது. பெரியப்பா நேரே நில்ஸிடம் போய், மண்டபத்து ஹீற்றர் வேலை செய்யவில்லை என்று இங்கிலீஷில் முறைப்பாடு கொடுத்தார். நில்ஸ் ஒன்றும் சொல்லாமல் போய் அதைத் திருத்திவிட்டு வந்தான். அதோடு நின்றிருந்தால் நல்லது. பெரியம்மா வந்தார். நில்ஸை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, பாட்டுக்காரர் எங்கை?"

"என்ன கேட்கிறார்?" என்றான் நில்ஸ்.

"சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார்."

நில்ஸ் உருகிப்போய்க் கை கூப்பினான். பிறகு மாமி வந்தார். "உந்தப் பிள்ளையள் பாடமாட்டினமோ?" நான் மொழிபெயர்த்தேன்: "தேநீர் வேண்டுமா என்கிறார்." அப்பாவின் சிநேகிதர் வந்து, "பாடுற ஆள் வரேல்லையோ?" என்றார். "இட்லி நன்றாக இருக்கிறதாம், தவறவிட வேண்டாமாம்" என்றேன். லண்டனில் ஒரே ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டால் ஹூகோ வந்துவிடுவான் அல்லவா? நானோ அந்தக் கேள்வியைப் பிறவியிலேயே நாக்கில் வைத்திருக்கிற சனத்துக்கு நடுவில் அவர்களை நிறுத்தியிருந்தேன்.

"உங்கள் ஆட்கள் எப்போதும் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்பார்களா?" என்று லீனா கேட்டாள்.

"பெரும்பாலும்" என்றேன். அதுவும் பொய்யில்லை.

இந்த வேளையில் எங்கள் குடும்ப வரலாற்றில் ஒருமுறையும் நடக்காத காரியம் நடந்தது. பொம்பிளை தர்சினி சொன்ன நேரத்துக்கு வெளிக்கிட்டு வந்துவிட்டாள். ஐயருக்கு மத்தியானம் வேறு கல்யாணம், அவரும் நேரத்துக்கு வந்துவிட்டார். "முகூர்த்தம் தவறக்கூடாது, கெதியாப் பொம்பிளையைக் கூப்பிடுங்கோ" என்றார். அப்போதுதான் எல்லோரும் சுற்றிப் பார்த்தோம். மேளம் இல்லை.

நான் போன் எடுத்தேன். மனோர் பார்க்கிலிருந்து பதில் வந்தது: "தம்பி, இஞ்சை இப்பதான் தாலி கட்டு முடியுது. நீர் ஒண்டுக்கும் யோசியாதையும், உங்கடை இடத்திலை பொம்பிளை வெளிக்கிட முதல் வந்திடுவம்."

நான் சமாளித்தேன். இக்காலத்தில் என்ன கஷ்டம், போனில் நாதஸ்வரம் இல்லையா? மண்டபத்து ஸ்பீக்கரில் போனைப் பொருத்தினேன். தர்சினி தோழிப் பெண்களோடு வாசலில் தோன்றினாள். நாதஸ்வரம் மங்களமாக எழும்பியது. சபை எழுந்து நின்றது. பாதி வழியில் நாதஸ்வரம் நின்று, ஒரு வெள்ளைக்காரப் பெண் குரல் கொஞ்சலாக, உங்கள் வீட்டுச் சுடுநீர்ப் பொய்லர் பழசாகிவிட்டதா, இன்றே மாற்றுங்கள் என்று விளம்பரம் சொன்னது. என் தங்கை பொய்லர் விளம்பரத்துக்குத்தான் மணவறையில் ஏறி உட்கார்ந்தாள்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"தாலி கட்டேக்கையும் உது வந்து கதைக்கப் போகுதோ?" என்றார் அம்மா. "கெட்டிமேளம் இல்லாமல் தாலியோ? ஆரும் தும்மினால், ஆரும் ஒரு கூடாத சொல்லுச் சொன்னால், பிள்ளையின்ரை காதிலை விழாதோ?"

அப்போது அப்பா மெதுவாகக் கேட்டார்: "உந்த வெள்ளைக்காரப் பெடியள் என்னத்துக்கு நிக்கினம்?"

நான் நில்ஸிடம் ஓடினேன். மூச்சு வாங்க விளக்கினேன்: ஒரு கணம் வரும், அந்தக் கணத்தில் உங்களால் முடிந்த அளவு பலமாக, எல்லாரும் சேர்ந்து, கை நிறுத்தும்வரை வாசிக்க வேண்டும்.

"எதற்காக?" என்றான்.

"தாலி கட்டும்போது அவளுடைய காதில் ஒரு கெட்ட சொல்லும் விழக்கூடாது. எந்தச் சொல்லும் விழக்கூடாது. அதற்குத்தான் இசை."

நில்ஸ் திரும்பி மற்றவர்களுக்கு ஸ்வீடிஷில் சொன்னான். லீனா குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நில்ஸ் கேட்டான்: "சொற்களைத் தள்ளி வைப்பதற்காகவே ஓர் இசையை உங்கள் ஆட்கள் வைத்திருக்கிறார்களா?"

"ஓம்" என்றேன். பதற்றத்தில் ஆமாம் என்பதை எங்கள் தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

அவன் போய்த் தன் கிட்டாரை மறுபடி சுருதி பார்த்தான். நான் பிறந்ததிலிருந்து கேட்ட கெட்டிமேளத்தை நான் ஒரு நாளும் அப்படி யோசித்ததில்லை.

மணவறைப் பூ அலங்காரம் மறைத்ததால் நில்ஸுக்கு ஐயர் தெரியவில்லை. ஆகவே ஏற்பாடு இது: நான் மணவறைத் தூணோடு நிற்பேன். ஐயர் சைகை காட்டினால் நான் வலது கையைத் தூக்குவேன், அவர்கள் தொடங்குவார்கள். நான் கையை இறக்கினால் நிறுத்துவார்கள். ஒரு சின்னப் பிள்ளைக்கும் பிழைக்காத ஏற்பாடு.

ஆனால் எங்கள் கல்யாணங்களில் ஐயருக்கு மேலே ஓர் அதிகாரம் உண்டு. அவர்தான் வீடியோக்காரர். அவர் சொன்னால் மாப்பிள்ளை திரும்ப நடந்து வருவார், மாமியார் திரும்ப அழுவார். தாலி அப்போது தேங்காய்த் தட்டில் இருந்தது, பெரியம்மா அதைச் சபையில் ஆசீர்வாதத்துக்காகக் கொண்டு சுற்றிக்கொண்டிருந்தார். வீடியோக்காரர் என்னைப் பார்த்தார்.

"அண்ணை, உங்கடை தலைக்கு மேலை தொங்கிற மாலை படத்துக்குள்ளை விழுது. ஒருக்கால் பிடிச்சு அங்காலை விடுங்கோ."

நான் வலது கையைத் தூக்கினேன்.

என்ன சொல்ல! இடி விழுந்தது. லீனா இரண்டு கையாலும் இறங்கினாள், பேஸ் தரையை உலுக்கியது, நில்ஸின் கிட்டார் கூரையைக் கிழித்துக்கொண்டு போனது. ஐயர் நெய்க் கரண்டியைப் போட்டுவிட்டார். கெட்டிமேளம் கேட்டால் எங்கள் சனத்தின் கை தானாக எழும்பும், மூளையிடம் கேட்காது. சபை முழுவதும் அட்சதையை எறிந்தது. தட்டோடு நடுவில் நின்ற பெரியம்மா அரிசி மழையில் கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு அறிவுறுத்தல்தான் கொடுத்திருந்தார்கள்: மேளம் கேட்டால் எழும்பிக் கட்டு. அவர் எழும்பினார். வெறுங்கையோடு என் தங்கையின் கழுத்துக்குப் பின்னால் போய், தாலியைக் காணாமல் அங்கும் இங்கும் தேடினார்.

நான் கையை இறக்கப் பார்த்தேன். இறங்கவில்லை. மாலைக்குள் இருந்த கம்பியில் என் கோட்டின் கை கொழுவிவிட்டது. கை மேலேயே நின்றது. ஸ்வீடன்காரர் சொன்ன சொல் தவறாதவர்கள், கை இறங்கும்வரை வாசிப்பார்கள். நான் மற்றக் கையால் ஆட்டி நிறுத்தச் சொன்னேன். லீனா அதை இன்னும் வேகமாக என்று எடுத்துக்கொண்டாள். கடைசியில் நான் பலங்கொண்டு இழுக்க, மாலையும் மணவறையின் ஒரு பக்கத்துப் பூவும் என் தலையில் விழுந்து, கை இறங்கி, இசை நின்றது.

அந்த அமைதியில் ஐயரின் மைக்குக்குள் தர்சினியின் குரல் மண்டபம் முழுவதும் கேட்டது: "அண்ணா, பேந்து உங்களை நான் கொல்லுறன்."

"ஆர் அடிக்கச் சொன்னது?" என்றார் ஐயர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

சபையின் கையில் இனி எறிய அட்சதை இல்லை. அம்மா சமையல் பக்கம் ஓடினார். அங்கே வேகாமல் இருந்தது மாலைச் சாப்பாட்டுக்குக் கழுவி ஊறவைத்த பாசுமதி மட்டும்தான். அதை வடித்துக் காகிதக் கிண்ணங்களில் வரிசை வரிசையாகக் கொடுத்தார்கள். ஐயர் நேரம் பார்த்தார். பிறகு என்னைச் சுட்டிக்காட்டி, "அந்தத் தம்பியை அங்காலை கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார். மச்சான்மார் இருவர் வந்து என்னை மணவறையை விட்டு இறக்கி, இரண்டு கையையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். தூணடியில் அப்பா போய் நின்றார்.

அப்பா கையைத் தூக்கினார்.

முதல் தரம் நான் வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. இந்தத் தரம் கேட்டேன். கை கட்டுண்டவனுக்குக் கேட்பதைத் தவிர வேறு வேலை ஏது? நாலு பேர்தான். ஆனால் மலை ஒன்று எழும்பி நடந்து வந்த மாதிரி இருந்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. நில்ஸ் கண்ணை மூடியிருந்தான், அவனுடைய கிட்டார் நாதஸ்வரம் போகிற உயரத்துக்குப் போய், அதற்கும் மேலே ஓர் இடத்தில் நின்று, இறங்க மாட்டேன் என்றது. முன்வரிசையில் ஒரு குழந்தை வாயைப் பிளந்து அழுதது, ஒரு சத்தமும் கேட்கவில்லை. யாரோ தும்மினார், கேட்கவில்லை. மாப்பிள்ளை முடிச்சுப் போட்டார். ஈரப் பாசுமதி பறந்து வந்து எல்லோர் மேலும் ஒட்டிக்கொண்டது.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். நல்ல காரியத்தில் அழக்கூடாது என்று காலையிலிருந்து எல்லோரையும் அதட்டியவர். எத்தனையோ வருஷமாக அடக்கி வைத்த எல்லாவற்றையும் அந்தச் சத்தத்துக்குள் கொட்டி அழுதார். தர்சினிக்குக் கேட்கவில்லை, ஐயருக்குக் கேட்கவில்லை. அந்த நாலு பேரும் அம்மாவை மூடிப் பாதுகாத்துக்கொண்டு வாசித்தார்கள். இசை என்றால் இவ்வளவு பெரிய காரியமா என்று பிரமித்ததில் என் கை தானாக எழும்பப் பார்த்தது. நல்லவேளை, மச்சான்மார் பிடித்திருந்தார்கள்.

பந்தியில் பாயசம் ஓடிக்கொண்டிருந்தபோது மேளக்காரர் வந்தார்கள். நாதஸ்வரக்காரர் உறையைக் கழற்றியபடி, "எத்தினை மணிக்குத் தாலி?" என்றார்.

"கட்டியாச்சு" என்றேன்.

"என்ன, சொன்ன நேரத்துக்கோ?" அவருக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "இப்பிடித் திடீரெண்டு சொன்ன நேரத்துக்குத் தாலி கட்டினால் நாங்கள் என்ன செய்யிறது தம்பி?"

நான் அவரைச் சாப்பிடச் சொன்னேன்.

மாலையில் வரவேற்பு. மேடைக்குப் பின்னால் நில்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டான்.

"உண்மையைச் சொல். காலையில் எல்லோரும் சாப்பாட்டைப் பற்றியா கேட்டார்கள்?"

அவன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. "இல்லை" என்றேன். "எல்லோரும் பாடகர் எங்கே என்றுதான் கேட்டார்கள்."

அவன் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனைக் கையில் எடுத்தான். ஹூகோவுக்குத்தான் என்று எனக்குத் தெரிந்தது.

அதே நேரத்தில் பெரியப்பா மேடையில் ஏறினார். எங்கள் குடும்ப விழா ஒன்றிலும் பெரியப்பா பாடாமல் விட்டதில்லை. அவர் மைக்கைப் பிடித்தால் வாங்க ஆள் கிடையாது, அப்பாவின் மூத்த அண்ணை. "பாட்டுக்காரர் வராட்டில் என்ன, நான் நிக்கிறன். உவை பின்னாலை வாசிக்கட்டும்" என்று மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

அப்பா மேடைக்கு ஏறிப் போனார். பெரியப்பாவுக்கு முன்னால் கதிரையில் இருக்கவே கூசுகிற மனுஷன். போய் மைக்கின் மேல் கையை வைத்தார்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. இண்டைக்குப் பாட்டு வேண்டாம்."

"பாட்டில்லாமல் என்ன கச்சேரியடா?"

"என்ரை பிள்ளைக்கு இவையின்ரை சத்தத்திலை தாலி ஏறினது. இவை வாசிக்கட்டும். ஒருத்தரும் பாட வேண்டாம்." மைக் மூடியிருந்தாலும் முன்வரிசைக்குக் கேட்டது. பிறகு நில்ஸ் பக்கம் திரும்பி, தபால்கந்தோர் வேலையில் பழகிய இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார்: "ஐயா, நீங்கள் வாசியுங்கள். பாடகர் வேண்டாம்."

நில்ஸ் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். பெரியப்பா இறங்கிப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். அவர்கள் அந்தக் கப்பல் பாட்டை, இல்லை, அந்தக் கப்பல் இசையை வாசித்தார்கள். பாதியில் பார்த்தேன், பெரியப்பா துடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு அவர்கள் ஐரோப்பா முழுவதும் வாசிக்கிறார்கள், பெரிய மண்டபங்கள் நிறைகின்றன. பாடகர் இல்லை. ஹூகோ வேன் ஓட்டுகிறான், நல்ல பையன். எங்கள் வீட்டில்தான் ஒன்றும் ஆறவில்லை. அந்தக் கல்யாண வீடியோவை எல்லோரும் வருஷத்துக்கொருமுறை போட்டுப் பார்ப்பார்கள், அதுவும் கை தொங்கும் இடத்தைத் திருப்பித் திருப்பி. எந்தக் கல்யாணத்தில் ஐயர் தாலியை எடுத்தாலும் என் இரண்டு பக்கத்திலும் இரண்டு பேர் வந்து என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். யார் சொல்லி வைத்தது என்று தெரியாது, வழக்கமாகிவிட்டது.

சென்ற வருஷம் எனக்குக் கல்யாணம். நில்ஸும் லீனாவும் அண்ணன் தம்பியும் சொன்ன நேரத்துக்கு வந்து மேளக்காரருக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஐயர் தாலியை என் கையில் கொடுத்தார். நான் எழும்பி, இரண்டு கையையும் தூக்கினேன். மண்டபம் முழுவதும் கை நிறைய அரிசியோடு என்னைப் பார்த்தது. ஒருவரும் எறியவில்லை. நாதஸ்வரம் வாயில் இருந்தது, குச்சிகள் காற்றில் நின்றன, ஒரு சத்தமும் வரவில்லை. நில்ஸ் என்னைத் தாண்டி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் தாலியை உயர்த்திப் பிடித்தபடி அப்பாவைப் பார்த்தேன். அப்பா சிரித்தார், ஆறுதலாகக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார், பிறகுதான் கையைத் தூக்கினார்.